ஜீவனஹள்ளி டைரக்டர்

பெங்களூரில், ஜீவனஹள்ளி நான்காவது கிராஸ் தெருவில், தெருக்குழாய்க்கு எதிர்வீட்டில், ஒரு டைரக்டர் குடியிருந்தார். காலையில் எழுந்ததும் குழாயடி வரிசையில் இரண்டு குடம் வைப்பார். தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு, பஸ் ஏறி இந்திராநகர் போய், அங்கே கம்பெனியில் தொண்ணூறு பேருக்கு டீ போடுவார். டீ போடும் டைரக்டர் உலகத்தில் வேறு எங்காவது இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய டீ இந்த அளவுக்கு இருந்திருக்காது.

ஆதிகேசவன் இரண்டாவது மாடியில் இஞ்சி தட்ட ஆரம்பித்தால், ஆறாவது மாடிக்குப் போய்க்கொண்டிருக்கும் லிஃப்ட் இரண்டில் நின்று கதவைத் திறக்கும். மெக்கானிக் மூன்று தடவை வந்து பார்த்தார். கடைசித் தடவை ஒரு டீயைக் குடித்துவிட்டு, 'குறை லிஃப்டில் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதம் ரொம்ப நாள் பேன்ட்ரி சுவரில் ஒட்டியிருந்தது.

கம்பெனியின் பெயர் நிதியாரா எக்ஸ்சேஞ்ச். கையால் தொட முடியாத, சட்டைப்பையில் போட முடியாத கிரிப்டோ காசை மொபைல் போனில் வாங்கி விற்கும் சந்தை. பெரிய கம்பெனி ஒரு தீவில் இருந்தது. வரைபடத்தில் அந்தத் தீவின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் தீவு தெரியாது. ஈயின் இறக்கை பக்கத்துக் கடலையும் கொஞ்சம் மறைக்கும். அங்கே கம்பெனிக்கு ஒரு தபால் பெட்டி இருந்தது. தபால் பெட்டிக்குள் தொண்ணூறு பேர் உட்கார முடியாது என்பதால், இந்திராநகரில் ஒரு பிள்ளைக் கம்பெனியைத் தொடங்கி, வேலையை எல்லாம் அதில் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக் கம்பெனிக்குத்தான் ஆதிகேசவன் டைரக்டர்.

சந்தை விவகாரத்தில் அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். விலை ஏறுகிற நாளில் பிள்ளைகள் இரண்டாவது டீ கேட்பார்கள். இறங்குகிற நாளில் முதல் டீயையே மறந்து ஆற விட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஆடை கட்டிய கோப்பைகளைப் பொறுக்கும்போதே அன்றைக்கு எவ்வளவு விழுந்தது என்று அவரால் சொல்ல முடியும்.

டைரக்டர் ஆன கதை சின்னக் கதை. முதலாளி தேஜஸ் ஒரு நாள் பேன்ட்ரிக்கே வந்துவிட்டான். முப்பத்திரண்டு வயது. மல்லேஸ்வரத்துப் பிள்ளை. தாத்தா மகாராஜா காலத்தில் பெரிய இன்ஜினியர். பேரன் அரைக்கால் சட்டையோடு ஆபீஸ் வருவான்.

"ஆதிண்ணா, ஃபாரின் போற ஐடியா ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

"ஃபாரினா? பார்டர்ல அத்திபெலே டோல் தாண்டினதே ரெண்டு வாட்டிதான் சார். ரெண்டும் சாவுக்கு."

"சூப்பர். இங்க இருக்கற கம்பெனிக்கு ஒரு டைரக்டராவது வருஷத்துல பாதி நாள் இந்தியாவுலயே இருக்கணும்னு சட்டம். நாங்கள்ளாம் பறந்துண்டே இருக்கோம். ஒரே இடத்துல இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

"பாதி இன்னாத்துக்கு சார்? முழு வருஷமும் இருப்பேன்," என்றார் ஆதிகேசவன், கொஞ்சம் பெருமையாகவே.

காகிதம் வந்தது. அவர் வேலையில் பாதி கையெழுத்துப் போடுவதுதான். தண்ணீர் கேன் வந்தால் ரெஜிஸ்டரில் கையெழுத்து. கூரியர் வந்தால் கையெழுத்து. பால், சர்க்கரை, டிஷ்யூ பேப்பர், யாரோ பிறந்தநாளுக்கு வரவழைத்த கேக், எல்லாவற்றுக்கும் கையெழுத்து. வந்த சாமானை எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுவார். அந்தக் காகிதங்களையும் எண்ணிப் பார்த்தார். பதினான்கு இருந்தன. பதினான்கிலும் போட்டார்.

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. அந்த வருஷம் தையில் மகள் வீணாவுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை அடிக்க சிவாஜிநகரில் நாகேஷ் பிரஸ்ஸுக்குப் போனார். சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஏதோ ஒன்று இருந்தது. மாப்பிள்ளைக்கு பி.இ., அண்ணனுக்கு எம்.பி.ஏ., அப்பாவுக்கு ஃபோர்மேன் (ஓய்வு), ஒரு சித்தப்பாவுக்கு ஹோமியோபதி. பெண் வீட்டுப் பக்கத்தில் ஆதிகேசவன் என்று மட்டும் மொட்டையாக நின்றது.

"ஸ்வாமி, உங்க பேருக்குக் கீழ இன்னா போடறது? இந்தப் பக்கம் ரொம்ப காலியா கீது," என்றார் நாகேஷ்.

ஆதிகேசவன் வாசலைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹெப்பாள் பஸ் கண்டக்டர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். பொய் சொன்னால்தானே பயம்? சட்டப்படி உள்ளதுதானே?

"டைரக்டர்னு போடுங்க. நிதியாரா எக்ஸ்சேஞ்ச்."

நாகேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தார். "தங்க எழுத்துல போடட்டா?"

"போடுங்க."

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை போனது. அன்றிலிருந்து குழாயடியில் அவருடைய குடத்துக்கு யாரும் முந்தவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் 'டைரக்டர் சார்' என்றார்கள். மனைவி லட்சுமம்மா மட்டும் கேட்டாள்: "டைரக்டர்னா சம்பளம் ஏத்துவாங்களா?"

"சம்பளம் இல்லடி. மரியாத."

"அத வெச்சி கேஸ் சிலிண்டர் புக் பண்ண முடியுமா?"

கல்யாணத்துக்கு தேஜஸும் வந்தான். முன் வரிசையில் உட்கார்ந்து, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து, பந்தியில் ஹோளிகை என்ற போளியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தெரு பார்த்தது.

யாரையும் பணம் போடச் சொல்லி ஆதிகேசவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அது சத்தியம். ஆனால் மூன்றாம் வீட்டு பெர்னதெத்தம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, தலையில் முக்காடு எடுக்காமலே வாசலில் நின்றாள். ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் இருபத்தோரு வருஷம் சட்டைக் காலர் செக் பண்ணியவள். நின்றே செய்கிற வேலை. கால் நரம்பு சுருட்டிக்கொண்டபின் விட்டுவிட்டாள். புருஷன் இல்லை. ஒரே பெண் சௌம்யா.

"அண்ணா, எனக்கு ஃபேக்டரி பி.எஃப். பணம் வந்துச்சி. உங்க கம்பெனியில போட்டா பேங்க்க விட ஜாஸ்தி கெடைக்குமாமே. பாப்பா கல்யாணத்துக்கு இருக்கறது அது ஒண்ணுதான். போடலாமாண்ணா?"

அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் டைரக்டர் ஒருவர் தன் கம்பெனியைப் பற்றித் தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

"நான் இருக்கேன்ல," என்றார்.

அவள் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து இன்னும் பதினோரு வீட்டில் போட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஆபீசில் நாற்பத்தேழு கோப்பை டீ ஆடை கட்டியிருந்தது. ஆதிகேசவன் அவ்வளவு கோப்பையை ஒரே நாளில் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை போனபோது கதவு பூட்டியிருந்தது. தேஜஸ் துபாயில் இருப்பதாகச் சொன்னார்கள். தெருவில் பணத்தை எடுக்கப் பார்த்த எல்லோர் போனிலும் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. காலையில் ஆரம்பித்த சக்கரம் சாயங்காலம் வரை நிற்கவில்லை. பெர்னதெத்தம்மா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். அங்கேயும் சுற்றியது.

குழாயடியில் யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் தாங்கவில்லை. அதே மரியாதையோடு, "வாங்க டைரக்டரே," என்று வழிவிட்டார்கள்.

கட்டடக்காரர் ஆபீசைக் காலி செய்து சாமானை வாசலில் போட்டபோது, ஆதிகேசவன் தன் இஞ்சி தட்டும் கல்லையும், தண்ணீர் கேன் ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். கல் அவர் வாங்கியது. ரெஜிஸ்டருக்குக் கெட்டி அட்டை. வீட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற ஃபிரிட்ஜின் காலுக்கு அது அளவெடுத்தாற்போல் இருந்தது.

எட்டு மாதம் கழித்துத் தீவிலிருந்து கடிதம் வந்தது. கூரியர்காரன் நீட்டிய இடத்தில் அவர் பழக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான், இனி கையெழுத்தே போடக் கூடாது என்று முந்தின வாரம் எடுத்த முடிவு ஞாபகம் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் நோயலிடம் போனார். நோயலின் அறை சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே. படி ஏறும்போது ஒரு பக்கம் கறிக்கடை வாசனை, ஒரு பக்கம் அத்தர் வாசனை. கட்சிக்காரர் எந்த வாசனையோடு வந்தாலும் நோயல் அவர் முகத்தைப் பார்த்தே வழக்கு ஜெயிக்குமா தோற்குமா என்று சொல்லிவிடுவார், தப்பியதில்லை. எல்லோரிடமும் தோற்கும் என்றே சொல்வார்.

"உக்காருங்க டைரக்டரே."

"நீயும் அப்டி கூப்பிட வேணாம்பா."

"சரி, உக்காருங்க ஆதியண்ணே." நோயல் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கம்பெனி செத்துப்போச்சு. செத்த கம்பெனிக்கு எங்கெங்க என்ன இருக்கு, யார் யாருக்குப் பங்குன்னு பாக்கறதுக்கு அந்தத் தீவு கோர்ட்டு ஒரு அம்மாவ நியமிச்சிருக்கு. லிக்விடேட்டர். அந்தம்மா உங்கள விசாரிக்கணுமாம். வீடியோவுல."

"என்னெயா? தேஜஸ் சாரயில்ல விசாரிக்கணும்?"

"அவன் எங்க சிக்கறான்? பேப்பர்ல பேர் இருந்து, வீட்டு அட்ரஸும் இருந்து, போன லெட்டர வாங்கிக் கையெழுத்து போட்ட ஒரே டைரக்டர் நீங்கதான்."

கீழே யாரோ துணி கிழிக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"கவனமா கேளுங்க," என்றார் நோயல். "தேஜஸ் பக்கத்து வக்கீல் என்ன சொல்றார்னா, எல்லா வேலையும் தீவுலதான் நடந்துச்சு, பெங்களூர்ல சும்னே நாலு பேர் போஸ்டர் ஒட்டினாங்க, அவ்ளோதான்றாரு. அத கோர்ட்டு நம்பிட்டா, நம்ம தெரு ஜனம் ஒவ்வொருத்தரும் தீவுல வக்கீல் வெச்சி அங்கதான் கேக்கணும். பெர்னதெத்தம்மா மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போறதுக்கே ரெண்டு பேர கூப்பிடறவங்க."

"நம்பலன்னா?"

"வேலையே இங்கதான் நடந்துச்சுன்னு ஆயிட்டா, இங்க பெங்களூர் கோர்ட்டுல கேஸ் நிக்கும். இந்திராநகர் பில்டிங்கு, மல்லேஸ்வரம் வீடு, எல்லாத்து மேலயும் கை வைக்கலாம்."

"அப்போ அதையே சொல்லிடறேன்பா. நான்தான் பாத்தேனே, தொண்ணூறு பேரு."

நோயல் பேனாவை மூடினார். "அதுலதான்ணே சிக்கல். நான் டீ போடறவன், பேருக்கு டைரக்டர், ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொன்னா உங்கள விட்டுடுவாங்க. இங்க பெரிய ஆபீஸ் நடந்துச்சுன்னு சொன்னா, அந்த ஆபீசுக்கு டைரக்டர் யாரு? நீங்க. உங்க வீடும் வரிசையில வந்து நிக்கும்."

வீடு என்றால் பதினைந்துக்கு இருபது. இரண்டு அறை. முப்பது வருஷத்தில் ஒவ்வொரு சுவராக எழுப்பியது. வடக்குச் சுவர் வீணாவுக்கு ஒரு வயது மூத்தது.

மறுநாளே துபாயிலிருந்து போன் வந்தது. நோயல் வீடியோவுக்கு நாள் குறித்த செய்தி ஆதிகேசவனுக்கு எட்டுமுன் தேஜஸுக்கு எட்டியிருந்தது.

"ஆதிண்ணா, சௌக்கியமா? வீணா எப்படி இருக்கா? உங்க டீ இல்லாம நாக்கே செத்துப்போச்சு இங்க."

"இருக்கோம் சார்."

"ஒண்ணும் பயப்படாதேங்கோ. நான் டீ போடறவன், எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆபீஸ்ல நாலு பேர்தான் இருந்தான்னு சொல்லிடுங்கோ. போறும். இதுல பொய் என்ன இருக்கு?"

ஆதிகேசவன் யோசித்துப் பார்த்தார். மூன்றில் இரண்டு உண்மை. மனிதர்கள் பேசுவதில் இது நல்ல விகிதம்தான்.

"தெருவுல பன்னெண்டு வீடு சார்," என்றார்.

"ஆதிண்ணா, மார்க்கெட் ரிஸ்க் எல்லாருக்கும் உண்டு. நீங்க யாரையும் போடச் சொல்லலையே?"

"சொல்லல," என்றார். சொன்னதும் வாய் கசந்தது.

அது மார்கழி. பனிக்காற்று அடிக்கிற, அவரைக்காய் வந்து குவிகிற காலம். நான்காவது கிராஸில் அந்த மாதம் எல்லா வீட்டிலும் பிதுக்குப் பருப்புதான். ஊறவைத்த அவரைக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் பாத்திரத்தில் விழும். ஒரு ஆள் வேலை இல்லை அது. வருஷாவருஷம் பெர்னதெத்தம்மா தன் வீட்டுக் கொட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். இரண்டு பெண்களும் ஒரே பாத்திரத்தில் பிதுக்கி, பேச்சு தீர்ந்ததும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பேச்சு தீராத வருஷங்களில் பருப்பு முளைவிட்டதும் உண்டு.

இந்த வருஷம் லட்சுமம்மாவோடு ஆதிகேசவன் உட்கார்ந்து பிதுக்கினார். அவர் பிதுக்கியதில் பாதி ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.

"டீ போட்ட கைக்கு இது வராது, உடுங்க."

"லட்சுமி, நாளைக்கி இன்னா சொல்றது?"

"என்னெ கேட்டா டைரக்டர்னு போட்டீங்க?"

அவர் ஒரு கொட்டையை விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வீடு போயிடும்டி."

"இன்னும் போவலயே. பிதுக்குங்க." ஒரு கைப்பிடி கொட்டையை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு அவளே சொன்னாள்: "நேத்து குழாயில பெர்னதெத்தம்மா என் கொடத்த தூக்கி தன் கொடத்துக்கு முன்னால வெச்சா. மூஞ்சிய பாக்கல. பேசல. வெச்சிட்டு நவுந்து நின்னுகினா. கை நெறைய கடன வெச்சிகினு, பாப்பா கல்யாணத்த ரெண்டாவது வாட்டி தள்ளிப்போட்டுகினு, எனக்கு வழி உடறா. நான் அந்தத் தண்ணிய எப்படி குடிப்பேன், சொல்லுங்க."

ஆதிகேசவன் பாத்திரத்தை நகர்த்தினார். தரையில் படுத்து, ஃபிரிட்ஜின் காலைத் தூக்கி, ரெஜிஸ்டரை இழுத்தார். கூடவே பதினைந்து இருபது பருப்பும் வந்தது. அன்றிலிருந்து அந்த ஃபிரிட்ஜ் சாய்ந்தேதான் நிற்கிறது. கதவைத் திறந்தால் முட்டைகள் தாமாகவே முன்னால் வந்து நிற்கும்.

விசாரணை நோயலின் அறையில். இங்கே பகல் ஒன்றரை, அங்கே காலை பத்து. மேஜைமேல் லேப்டாப். சுவரோர பெஞ்சில் தெருவிலிருந்து ஐந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பணம் போட்டவர்கள் பார்க்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. ஓரத்தில் பெர்னதெத்தம்மா. கையில் ஜெபமாலை இருந்தது, உருட்டவில்லை.

திரையில் நான்கு கட்டம். ஒன்றில் வெள்ளைத் தலைமுடி நீதிபதி, ஒன்றில் லிக்விடேட்டர் அம்மா, ஒன்றில் தேஜஸின் வக்கீல், ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் பேசிய தமிழில் சட்டை இஸ்திரி போட்டாற்போல் ஒரு மடிப்பும் இல்லை.

"தாங்கள் அந்நிறுவனத்தில் ஆற்றிய பணி யாது?"

"டீ போட்டேங்க."

"தாங்கள் எத்தனை நபர்களுக்குத் தேநீர் வழங்கினீர்கள்?"

நோயல் அவரைப் பார்த்தார். பெஞ்சு அவரைப் பார்த்தது. ஆதிகேசவனுக்கு வடக்குச் சுவர் ஞாபகம் வந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்த நாளில் பெர்னதெத்தம்மாவின் புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

"தொண்ணூறு பேருக்குங்க. ரெண்டு மாடி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

தேஜஸின் வக்கீல் உடனே நிமிர்ந்தார். நான்கு பேர்தான் என்று காகிதம் சொல்கிறதே, இந்த மனிதரிடம் என்ன ஆதாரம் என்றார்.

ஆதிகேசவன் ரெஜிஸ்டரைத் திரைக்கு நேரே பிடித்தார். "ஒரு நாளைக்கி பன்னெண்டு கேன் தண்ணிங்க. ஒரு கேன் இருவது லிட்டர். ரெண்டரை வருஷம், ஒவ்வொரு நாளும் நான் கையெழுத்து போட்டு எறக்கினது. நாலு பேருன்னா, ஆளுக்கு அறுவது லிட்டர் குடிச்சிருக்கணும். டீ தனி."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடித்ததும், நீதிபதி ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிப் பார்த்தார். பிறகு தன் முன்னாலிருந்த தண்ணீர் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார். லிக்விடேட்டர் அம்மா முகத்தைக் கீழே தாழ்த்திக்கொண்டாள்.

வக்கீல் அசரவில்லை. திரையில் ஒரு படம் வந்தது. ஆதிகேசவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிள்ளையார், மாவிலை, சிவப்பு அட்டை, தங்க எழுத்து. வீணாவின் கல்யாணப் பத்திரிகை.

முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டு ஹோளிகை தின்றவன் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"இதில் தங்கள் பெயரின் கீழ் இயக்குநர் என்று உள்ளது. தாங்கள் மெய்யாகவே இயக்குநரானால், நிறுவனத்தின் செயல்களுக்குத் தாங்களும் பொறுப்பு. அல்லவெனில் தாங்கள் ஊராரிடம் பொய்யுரைத்தவர். தங்கள் தண்ணீர்க் கணக்கையும் நம்ப இயலாது. எது மெய்?"

நோயல் மேஜைக்கு அடியில் அவர் முழங்காலைத் தட்டினார். பிரஸ்காரன் தப்பு என்று சொல்லலாம். நாகேஷே வந்து சொல்வார். அவர் தப்பு அடித்த பத்திரிகைகளை வைத்து இன்னொரு பிரஸ் நடத்தலாம்.

ஆதிகேசவன் திரையைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தார்.

"நான்தாங்க போடச் சொன்னேன். தங்க எழுத்துக்கு தனியா கேட்டாரு, அதையும் சரின்னேன். சம்பந்தி பக்கம் எல்லாம் படிச்சவங்க. எங்க பக்கம் காலியா இருந்துச்சி. டீ போடறவன்னு போட மனசு வரல." "அந்தப் பத்திரிகய பாத்து எங்க தெருவுல ஒரு அம்மா வந்து, பணம் போடலாமான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். நான் இருக்கேன்லன்னு சொன்னேன். தேஜஸ் சார் சொல்லிக் குடுத்து சொல்லல. நானே சொன்னது. அத எழுதிக்கோங்க."

மொழிபெயர்ப்பாளர் முதல் தடவையாகத் திணறினார். 'நான் இருக்கேன்ல' என்பதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நீதிபதி இரண்டு முறை கேட்டார். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் ஏதோ நீளமாகச் சொன்னார். நோயல் பிறகு சொன்னார், அது 'உத்தரவாதம் அளித்தேன்' என்று பதிவாகிவிட்டதாம்.

வெளியே வந்தபோது தூறல். பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கிப் போனார்கள். பெர்னதெத்தம்மா கடைசியாக, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். ஆதிகேசவன் கை கொடுக்கப் போனார். அவள் கைப்பிடியை விடவில்லை.

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று. வேலை நடந்தது பெங்களூரில்தான். இங்கத்து ஜனங்கள் இங்கேயே வழக்குப் போடலாம் என்று எழுதியிருந்தது. தண்ணீர் கேனுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அடுத்த பக்கத்தில் ஆதிகேசவனுக்கு இரண்டு பத்தி. நிறுவனத்தின் கடனுக்கு அவரும் ஒரு பங்கு பொறுப்பு. மேலும், பத்து வருஷத்துக்கு அந்தத் தீவில் எந்தக் கம்பெனியிலும் அவர் டைரக்டராக இருக்கக் கூடாது. இரண்டாவதை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

தேஜஸுக்கும் தீர்ப்பில் பதினாறு பக்கம் இருந்தது. அந்தப் பதினாறு பக்கமும் துபாய் போய், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. நோயல் தெரு சார்பாக இங்கே வழக்குப் போட்டார். மல்லேஸ்வரம் வீட்டை விற்கக் கூடாது என்று தடை வாங்கினார். அதே கோர்ட்டு, அதே நாளில், நான்காவது கிராஸ் வீட்டையும் விற்கக் கூடாது என்றது. மகாராஜாவின் இன்ஜினியர் கட்டிய வீடும் ஆதிகேசவன் கட்டிய வீடும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் இருந்தன. பணம் இன்னும் வரவில்லை. அடுத்த வாய்தா மழை விட்டபிறகு.

ஆதிகேசவன் காக்ஸ் டவுனில் ஒரு தர்ஷினியில், நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டலில், டீ போட ஆரம்பித்தார். அங்கே லிஃப்ட் இல்லை. அதனால் இஞ்சி தட்டுவதில் பழைய விசேஷம் எதுவும் நடக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு கவர் வந்தது. சௌம்யாவுக்கும் க்ளென்னுக்கும் கல்யாணம். அச்சடித்த பத்திரிகை இல்லை. மெல்லிய காகிதத்தில் ஜெராக்ஸ். மண்டபம் இல்லை, கோயில் பின்னாலிருக்கும் பள்ளிக்கூட ஹாலில் கேக், வைன், டீ, அவ்வளவுதான். கவர்மேல் பெர்னதெத்தம்மாவின் கையெழுத்தில் விலாசம்:

'திரு. ஆதிகேசவன், டைரக்டர்.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எழுத்து அழுத்தமாகவும் இல்லை, லேசாகவும் இல்லை.

"இன்னா அர்த்தத்துல எழுதியிருக்கா?" என்றார்.

லட்சுமம்மா வாங்கிப் பார்த்தாள். "பேருக்குக் கீழ இன்னா போடணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

கல்யாணத்தன்று மதியமே ஆதிகேசவன் இஞ்சிக் கல்லையும் பெரிய பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட ஹாலுக்குப் போனார். டீக்கு ஏற்பாடு செய்திருந்த ஆளிடம், "நவுருப்பா," என்றார். அவன் தர்ஷினியில் அவர் டீயைக் குடித்திருந்தான், நகர்ந்தான். நூற்று முப்பது டீ போட்டார். ஜனம் கேக்கை விட்டுவிட்டு டீக்கு வரிசையில் நின்றது. பாதிரியார் இரண்டு தடவை வந்தார்.

கடைசியில் பெர்னதெத்தம்மா வந்தாள். சந்தன நிறப் பட்டு, தலையில் அதே முக்காடு. அவர் ஒரு கோப்பையை நீட்டினார்.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கர கம்மி."

"உனக்கு சுகர்னு லட்சுமி சொன்னா."

அவள் மேஜையிலிருந்து ஒரு காலிக் கோப்பையை எடுத்தாள். எந்த ஓட்டலிலும் ஒரு டீயை இரண்டு பேருக்குப் பை-டூ கேட்டால் கொடுப்பார்களே, அதுபோல் தன் டீயில் சரிபாதியை அதில் ஊற்றினாள். ஊற்றிய கோப்பையை மேஜையிலேயே வைத்துவிட்டு, தன் பாதியை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பெண் மாப்பிள்ளை பக்கம் போய்விட்டாள்.

யாருக்கு என்று சொல்லவில்லை.

ஆதிகேசவன் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாலில் பாட்டு மாறியது. யாரோ வந்து பாத்திரத்தை எடுக்கலாமா என்று கேட்டார்கள். எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் டீ ஆறி, அதன்மேல் ஆடை கட்டிவிட்டது.

ஆடையோடு எடுத்துக் குடித்தார். சர்க்கரை கம்மிதான்.